வெர்னாவின் பன்னிரண்டாம் குளிர்காலம்

கனடாவில் எங்கள் ஊர் கனோராவில் வெர்னா பொடொல்ஸ்கியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "டிரைவரம்மா" என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். ஜனவரி மாதக் காலையில், மைனஸ் முப்பத்தைந்து டிகிரியில், எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்பிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய் நாற்பது பிள்ளைகளை ஏற்றி வருவாள். பனியில் சாலை எது வயல் எது என்று தெரியாத நாளில்கூட ஒரு பிள்ளைக்கும் கீறல் விழுந்தது கிடையாது. பின்வரிசையில் அடித்துக்கொள்கிற பையன்களைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், அடங்கிவிடுவார்கள்.

அவள் புருஷன் ஓரெஸ்ட், ரயில் பாதை ஓரத்துத் தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் பொறுப்பாளராக இருந்தவன். எட்டு மைல் தூரத்திலிருந்தே தெரிகிற மரக் கிடங்கு அது. கோதுமையை ஒரு கை அள்ளிப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவான். கம்பெனி அதை மூடி, ஒரே நாளில் இயந்திரம் வைத்து இடித்துத் தள்ளியது. ஊரே வேடிக்கை பார்த்தது. ஓரெஸ்ட் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு கடைசிப் பலகை விழும் வரைக்கும் நின்றான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவன் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வரவில்லை.

அப்புறம்தான் அந்த மோட்டார் ஹோமை வாங்கினார்கள். முப்பத்துநாலு அடி நீளம். உள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம். குளிர்காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் பாதிப் பேர் அப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே அரிசோனாவுக்குப் போய்விடுவது வழக்கம். வண்டி வந்த முதல் நாள் ஓரெஸ்ட் ஏறி இடது பக்கத்தில், ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தான். கண்ணாடியைச் சரி செய்தான். வளைந்து கிடந்த முதுகு நிமிர்ந்தது. வெர்னா அதைப் பார்த்தாள். இரண்டு பேரில் யார் நல்ல டிரைவர் என்று ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனாலும் அவள் ஒன்றும் பேசாமல் வலது பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து, வரைபடத்தை விரித்தாள். பதினோரு குளிர்காலம் அப்படியே போயிற்று. ஒரு தடவைகூட அவள் சாவியைக் கேட்டதில்லை.

பன்னிரண்டாவது தடவை கிளம்பும்போது அவளுக்கு எழுபத்தொரு வயது, அவனுக்கு எழுபத்தைந்து. மொன்டானாவைத் தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. யூட்டாவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் திரும்பும்போது இடது பக்கம் நின்ற குப்பைத் தொட்டியை இடித்துத் தள்ளினான். "எவன் கொண்டுவந்து நடுவுல வச்சான்?" என்று சிரித்தான். மறுநாள் இடது பக்கமிருந்து வந்த லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. "என்ன அவசரம் பாரு அவனுக்கு" என்றான். வெர்னா வரைபடத்தை மடித்துவிட்டு, இடது பக்கச் சாலையைத் தானும் பார்த்துக்கொண்டே வந்தாள். ரீஜைனாவில் இருக்கிற மகள் லாரிஸா அன்று சாயங்காலம் போன் பண்ணி, "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டபோது, "அவருக்கென்ன, நல்லா இருக்கார்" என்றாள்.

அரிசோனாவில் குவார்ட்ஸைட் பக்கத்துப் பாலைவனத்தில் வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். வழக்கமான ஆட்கள் வந்திருந்தார்கள். பக்கத்தில் ஆர்லிஸ். வடக்கு டகோட்டாக்காரி, புருஷன் போன பிறகு தனியாக ஒரு சின்ன வேனில் வருகிறவள். சிகரெட்டும் வாயும் ஓயாது. வெர்னாவுக்கு அங்கே அவளைவிட நெருக்கம் யாரும் இல்லை.

டிசம்பரில் ஒரு நாள் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஓரெஸ்ட் வண்டியைக் கிளப்பினான். ஆர்லிஸ் காபி எடுத்து வர உள்ளே போயிருந்தாள். வெளியே அவள் நாற்காலி இருந்தது. வண்டியின் இடது சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது.

ஆர்லிஸ் கோப்பையும் கையுமாக வெளியே வந்து நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தாள். "யோவ் ஓரெஸ்ட்! என் மேல கோபம்னா வாயைத் திறந்து சொல்லுய்யா. வண்டியை ஏத்தாதே!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓரெஸ்டும் சிரித்தான். புது நாற்காலி வாங்கித் தருவதாகச் சொன்னான்.

பிறகு வெர்னா துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது ஆர்லிஸ் பக்கத்தில் வந்து நின்றாள். "அடியே, சிரிச்சது சிரிச்சாச்சு. பட்டப்பகல். ரத்தச் சிவப்புல இருக்கிற நாற்காலி. அவன் அதைப் பார்க்கவே இல்லைடி."

"வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்."

"வெயில் அவன் முதுகுப் பக்கம் இருந்துச்சு."

வெர்னா கையில் இருந்த துண்டை மறுபடி மறுபடி உதறினாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் ஹொலுப்சி செய்தாள். முட்டைக்கோஸ் இலையில் சோற்றைச் சுருட்டி வேக வைக்கிற பண்டம். உக்ரேனிய வீட்டில் அது இல்லாமல் வாரம் போகாது. ஓரெஸ்ட் தட்டில் எப்போதும்போல நாலு வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன டிரைவரம்மா, எப்பவும் நாலு வைப்பே, இன்னைக்கு ரெண்டோட நிறுத்திட்டே? கை சுருங்கிப்போச்சா?"

வெர்னா தட்டைப் பார்த்தாள். வலது பாதி துடைத்து வைத்தாற்போல் காலி. இடது பாதியில் இரண்டு உருண்டை அப்படியே இருந்தன. விளையாடுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை. கையை நீட்டித் தட்டைப் பாதி வட்டம் திருப்பி வைத்தாள்.

"ஓ, ஒளிச்சு வச்சிருந்தியா?" என்று சந்தோஷமாக எடுத்துச் சாப்பிட்டான்.

அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கேட்டாள். "எப்போதிலிருந்து, ஓரெஸ்ட்?"

"என்ன எப்போதிலிருந்து?"

"இடது பக்கம் எப்போதிலிருந்து தெரியலை?"

அவன் வெகுநேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தான். அக்டோபரில், கனோரா வீட்டில், வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தபோது இடது கை பதினைந்து நிமிஷம் உணர்ச்சியே இல்லாமல் போனதாம். கண்ணில் ஒரு பக்கம் மூட்டம் மாதிரி. கை திரும்ப வந்துவிட்டது. மூட்டம் மட்டும் போகவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவே. அவன் லைசென்ஸைப் பிடுங்குவான். இன்சூரன்ஸ்காரன் முடியாதுன்னுடுவான். அப்புறம் எங்க வர்றது இங்க?" அவன் குரல் கெஞ்சுகிற மாதிரி ஆயிற்று. "கண்ணாடி மாத்தினா சரியாயிடும் வெர்னா. நம்பு."

வெர்னாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் முழுக் கோபமாக வரவில்லை. யூட்டாவிலிருந்தே தனக்கும் தெரியும் என்பது உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

மெக்சிகோ எல்லையைத் தாண்டியவுடன் அல்கொடோனெஸ் என்று ஒரு ஊர். பல், கண்ணாடி, மருந்து எல்லாம் அங்கே மலிவு என்று எங்கள் ஆட்கள் எல்லையில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே போய்வருவார்கள். ஆர்லிஸ் தன் வேனில் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். கண் டாக்டர் இட்ஸெல் என்று ஒரு இளம்பெண். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, விரலை ஆட்டிக் காட்டி, பெரிய இயந்திரத்தில் முகத்தை வைக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் பார்த்தாள்.

"ஐயா, உங்க கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பார்த்ததை வாங்கிக்கிற இடம் மூளைக்குள்ள இருக்கில்ல, அதுல ஒரு பக்கம் அடிபட்டுப்போச்சு. கண்ணாடியால ஆகாது. ஊருக்குப் போய்த் தலையை ஸ்கேன் எடுங்க, சீக்கிரமா எடுங்க. அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

"அதுக்கப்புறம் ஓட்டலாமா?"

டாக்டர் வெர்னாவைப் பார்த்துவிட்டு மறுபடி அவனைப் பார்த்தாள். "அதுக்கப்புறமும் வேண்டாம் ஐயா."

திரும்பி வரும்போது எல்லையில் நீண்ட வரிசை. மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நரைத்த தலைகளாக நின்றன. சுங்கக் கட்டடம் கிட்டே வந்தபோது ஓரெஸ்ட் மெதுவாகச் சொன்னான். "ஊருக்குப் போகலாம்னு மட்டும் சொல்லாதே. எங்க அண்ணன் பீட்டரைப் பார்த்தே இல்ல? முதியோர் இல்லத்துல, நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் பனியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கான். யாரு வந்தாலும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. எனக்கு இன்னொரு குளிர்காலம் அங்க முடியாது."

வெர்னா அங்கேதான் தப்பு பண்ணினாள். பின்னால் அவளே சொல்வாள். அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்து மனசு இளகிப்போய், மார்ச் கடைசி வரை இருந்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டாள். வண்டியை நகர்த்தக் கூடாது, தண்ணீரையும் கேஸையும் ஆர்லிஸ் கொண்டுவந்து தருவாள், அவன் சாவியைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தம். சாவி எப்போதும்போல ஆணியிலேயே தொங்கியது. அதை எடுத்து ஒளித்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கட்டிய புருஷனிடமிருந்து எப்படி ஒளிப்பது?

உக்ரேனியர்களின் பழைய காலண்டர்படி ஜனவரி ஆறாம் தேதி அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் பன்னிரண்டு வகை வைத்துச் சாப்பிட வேண்டும். வெர்னா வழக்கம்போல எல்லாம் சமைத்தாள். கோதுமையும் தேனும் கசகசாவும் சேர்த்த கூட்யாவை அண்டை வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்தாள். ஓரெஸ்ட் எழுந்து நின்று குரல் உடையப் பாடினான். எல்லோரும் கை தட்டினார்கள். மனுஷன் தேறிவிட்டான் என்றே வெர்னா நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஆர்லிஸோடு துணி துவைக்க டவுனுக்குப் போனாள். திரும்பி வந்தபோது வண்டி இல்லை. வண்டி நின்ற இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த மரக்கட்டைகள் நாலும், கால்மிதியும், அவள் வளர்த்த துளசி மாதிரிச் செடித் தொட்டியும் மட்டும் இருந்தன. துணிக்கூடையை இடுப்பில் வைத்தபடி வெர்னா அந்தக் காலி மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தூரத்தில் தூசி கிளம்பியது. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஓரெஸ்ட் வந்தான். கோடு போட்டாற்போல் அதே இடத்தில் நிறுத்தினான். முகமெல்லாம் சிரிப்பு.

"தண்ணி நிரப்பியாச்சு, கேஸ் நிரப்பியாச்சு. போக வர இருபது மைல்! அந்தச் சின்னப் பொண்ணு டாக்டருக்கு என்ன தெரியும்னு நான் அன்னைக்கே நினைச்சேன்."

வெர்னா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். பக்கக் கண்ணாடியைக் காணோம். அது இருந்த இடத்தில் இரண்டு கம்பி தொங்கியது. அங்கிருந்து பின் சக்கரம் வரைக்கும் தகடு கிழிந்து போயிருந்தது. கிழிசல் நெடுகிலும் மஞ்சள் பெயின்ட் ஈஷியிருந்தது.

அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் தினமும் கழுவித் துடைத்த மஞ்சள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூணே முக்கால். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளை இறக்குகிற நேரம்.

"ஓரெஸ்ட், எதையாவது இடிச்சியா?"

"நானா? ஒண்ணுமே இல்லையே."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. வெர்னா உள்ளே கையை நீட்டிச் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஆர்லிஸ் ஏற்கெனவே வேனைக் கிளப்பியிருந்தாள்.

சாலையில் மெதுவாகப் போனார்கள். வெர்னா இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு புதரும் பக்கத்தில் வரும் வரைக்கும் வேறு என்னவோ மாதிரித் தெரிந்தது. ஆறாவது மைலில், முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பஸ் ஓரத்தில் நின்றது. சிவப்பு விளக்குகள் மினுங்கின.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் வெர்னா. அவளுக்கே கேட்காத குரல்.

பஸ்ஸிலிருந்து பையைச் சுமந்த ஒரு பெண்பிள்ளை இறங்கி, சாலையைக் கடந்து, ஒரு வீட்டு வாசலுக்கு ஓடியது. விளக்குகள் அணைந்தன. பஸ் அவர்களைக் கடந்து போனபோது வெர்னா அதன் பக்கவாட்டை முன்னிலிருந்து பின்வரை பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பஸ்ஸை ஓட்டிய பெண் கையைத் தூக்கிக் காட்டினாள். வெர்னாவும் தூக்கினாள்.

அந்தப் பஸ் இல்லை என்றால் வேறு பஸ்ஸாகவும் இருக்கலாமே. டவுன் எல்லையில் கேஸ் நிரப்புகிற இடத்துக்குப் போய்ச் சேரும்வரை எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் பக்கவாட்டையும் பார்த்துக்கொண்டே வந்தாள். அங்கே தொட்டிக்குக் காவலாக நட்டிருந்த இரும்புத் தூண் ஒன்று சாய்ந்து நின்றது. மஞ்சள் அடித்த தூண். கீழே கண்ணாடித் துண்டுகள்.

கேஸ் கடைக்காரன் வெளியே வந்தான். "பெரிய வண்டிக்காரரைத் தேடறீங்களா? கத்தினேன்மா. கையைக் கையை ஆட்டினேன். அவர் சிரிச்சுக்கிட்டே பதிலுக்குக் கையாட்டிட்டுப் போயிட்டார்."

"அவர் என் புருஷன். தூணுக்கு ஆகிறதை நான் கொடுத்துடறேன்."

"தூண் கிடக்கட்டும். அதே இடத்துல பத்து நிமிஷம் முன்னாடி ஒரு பொம்பளை கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தா."

வெர்னா சிமென்ட் மேட்டில் உட்கார்ந்து அழுதாள். ஆர்லிஸ் சிகரெட் ஒன்றை வாயில் வைத்தாள். கேஸ் கடை என்று நினைவு வந்து பற்றவைக்காமலே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரும்பி வந்து தூணைப் பற்றிச் சொன்னபோது ஓரெஸ்ட் முதலில் நம்பவில்லை. இறங்கி வந்து, தலையை நன்றாகத் திருப்பி, கிழிந்த தகட்டை விரலால் தடவினான். சிரிப்பு போய்விட்டது.

"நாளைக்குக் காலையில கிளம்பறோம்" என்றாள் வெர்னா.

"ஊருக்கா? ஜனவரியிலயா?"

"ஆமாம். ஆஸ்பத்திரி அங்கதான் இருக்கு."

"யார் ஓட்டறது?"

"நான்."

"முப்பத்துநாலு அடி வெர்னா இது."

"நான் ஓட்டின பஸ் நாற்பதடி. பதினோரு வருஷமா உனக்கு விட்டுக் கொடுத்தேன் ஓரெஸ்ட். இனிமே முடியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. "விட்டுக் கொடுத்தியா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "விட்டுக் கொடுத்தியா?" அந்த இருக்கை தன்னுடையது என்றே அவன் இத்தனை காலம் நினைத்திருந்தான். வெர்னா அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

காலையில் ஆர்லிஸ் எங்கிருந்தோ ஒரு பழைய கண்ணாடியைக் கொண்டுவந்து, கம்பியும் டேப்பும் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டாள். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுடி. பண்ணலைன்னா அங்கேயே வந்து உதைப்பேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வெர்னா ஓட்டினாள். முதல் ஐம்பது மைல் தோள்பட்டை கல்லாக இருந்தது. அப்புறம் கைகளுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மேடு, இறக்கம், எதிர்க்காற்று எல்லாவற்றுக்கும் அவை தாமாகவே நகர்ந்தன. அவளுக்கு அது பிடித்திருந்தது. பக்கத்தில் ஒருவன் நொறுங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது தனக்கு இது பிடிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

யூட்டா முழுக்க அவன் வலப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். ஐடஹோவில் பனி ஆரம்பித்தது. மொன்டானாவில் சாலை வெள்ளையாகிவிட்டது. அங்கேதான் திடீரென்று கேட்டான். "வெர்னா, இருக்கியா?"

"இங்கதானே இருக்கேன்?"

"நான் ஓட்டும்போது நீ வலப்பக்கம் இருப்பே, தெரிவே. இந்தச் சீட்டுல உட்கார்ந்தா நீ இடப்பக்கம் போயிட்டே. யாரும் இல்லாம வண்டி தானா போற மாதிரி இருக்கு."

"திரும்பிப் பாரு."

"எவ்வளவு நேரம் திரும்பறது, கழுத்து வலிக்குது. ஏதாவது பேசிக்கிட்டே வா."

என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழைய பஸ் வழியைச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் நிறுத்தம் கொவால்ச்சுக் பண்ணை, மூணு பிள்ளைகள், நடுப்பயலுக்கு எப்பவும் மூக்கு ஒழுகும். இரண்டாவது நிறுத்தம் அந்த வளைவைத் தாண்டி, நாய் பஸ் சக்கரத்தைத் துரத்திக்கொண்டே வரும். அவன் நடுநடுவே, "யாரு, கிடங்குல மஞ்சக்கோதுமை கொண்டுவந்து போடறவன் மகளா?" என்று கேட்டுக்கொண்டான். எல்லைச் சாவடி வரை பேசிப் பேசி அவள் குரல் கட்டிப்போயிற்று.

கனோராவுக்குப் பக்கத்து டவுன் யார்க்டன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளை ரத்தக்குழாயில் ஒன்றல்ல, இரண்டு இடத்தில் பழைய அடைப்பு இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். லைசென்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். லாரிஸா வந்து தாயைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டாள். "தெரிஞ்சும் ஏம்மா சொல்லலை?" வெர்னா, "தெரியும்தான். தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கப் பயந்தேன்" என்றாள்.

ஓரெஸ்ட் இன்னும் மூன்று குளிர்காலம் கனோரா வீட்டில் இருந்தான். முதியோர் இல்லத்துக்கு அவள் அனுப்பவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவனுக்கு இடதுபுறமாக இல்லாமல் எப்போதும் வலதுபுறமாகவே உட்கார்ந்தாள். நல்ல நாளும் இருந்தது, கெட்ட நாளும் இருந்தது. விருந்தாளி யாராவது வந்து தெற்கே போன கதையை எடுத்தால், "நான் எங்க ஓட்டினேன், அவ விட்டுக் கொடுத்தா" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். வந்தவர்கள் வேடிக்கை என்று சிரிப்பார்கள். வெர்னா எழுந்து தேநீர் போடப் போய்விடுவாள். நாலாவது வருஷம் பிப்ரவரியில் மூன்றாவது அடைப்பு வந்து, இரண்டு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தான்.

வண்டியை சாஸ்கட்டூனிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு விற்றாள். அடுத்த குளிர்காலம் ஆர்லிஸ் விடாமல் போன் பண்ணி வரவழைத்தாள். வெர்னா விமானத்தில் போய் ஆர்லிஸ் வேனில் மூன்று வாரம் தங்கினாள். சிகரெட் புகைக்காகத் தினமும் சண்டை, ராஜி. வெயில் இதமாகத்தான் இருந்தது. பாலைவனத்தில் புதிதாக வந்து நிற்கிற வண்டிகளை எல்லாம் வெர்னா பார்த்துக்கொண்டிருப்பாள். புருஷன் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினால் அந்த ஆளின் கண்ணைத்தான் முதலில் பார்க்கத் தோன்றும். மூன்று வாரம் போதும் என்றாகிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்த ஊருக்குத் திரும்பி வந்தாள்.